நைசாகப் பொடித்த மாத்திரை

1

“மாத்திரையைப் பொடிச்சா குடுத்தீங்க, மாமா?”

“பின்னே? தொண்டையில சிக்குதுன்னு உங்கக்கா அழறா. வாயைப் பொளந்து திணிக்கவா சொல்றே?”

இந்தக் கதை இப்படித்தான் என்னிடம் வந்தது. எதிர்வீட்டுச் சண்டை காதில் விழுந்தது, நான் ஒட்டுக்கேட்கவில்லை. (அடுப்பை அணைத்தது உண்மை. குக்கர் கத்தினால் பாதி வசனம் போய்விடுமே.)

கத்தியவள் தையல்காரம்மாவின் தங்கை, மருந்துக்கடையில் வேலை. மாமா என்பவர் தையல்காரம்மாவின் கணவர், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்.

2

‘கல்லீரல் என்பது மனித உடலின் மிகப்பெரிய…’

வேண்டாம், கொட்டாவி விடுவீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

பிரஷர் மாத்திரை தொடங்கிப் பத்து நாள். தினமும் காலை பத்து மணிக்குத் தையல்காரம்மாவுக்குத் தலை சுற்றும். சண்டைக்கு முந்தின நாள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். சாயங்காலமானால் பிரஷர் தலைகீழாக ஏறிக்கிடக்கும். மருந்து போதவில்லை என்று முடிவுகட்டிய கணவர், அன்றிலிருந்து இரண்டாகக் கொடுக்க எடுத்து வைத்திருந்தார்.

3

“ரெண்டா? அக்காவைக் கொன்னுடாதீங்க! கடிகாரத்துக்குச் சாவி குடுத்தா ஸ்பிரிங் எப்படி அவிழும்?”

“நாள் பூரா, கொஞ்சங்கொஞ்சமா.”

“இந்த மாத்திரையும் அப்படித்தான். குடல்ல மெதுவாக் கரைஞ்சு ரத்தத்துல ஏறணும். ஒருபக்கம் ஈரல் அதைச் சிதைக்கும், கிட்னி வெளியே தள்ளும். உள்ளே வர்றதும் வெளியே போறதும் ஈடா இருந்தாத்தான் நாள் முழுக்கத் தாங்கும். நீங்க பொடிச்சதுல மொத்த மருந்தும் காலையிலேயே ஏறிடுச்சு, பிரஷர் சடார்னு இறங்கித் தலை சுத்துது. சாயங்காலம் மிச்சமில்ல.”

(பக்கத்து வீட்டு நாய் உட்பட இந்தத் தெருவில் எல்லோரைப் பற்றியும் பேசியிருக்கிறேன். கேட்காமலே உழைக்கும் என் ஈரலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்: நல்லா இரு, தாயே.)

4

கணவரை வில்லனாக்கத்தான் ஆசைப்பட்டேன். ‘அவர் மனதுக்குள் ஒரு திட்டம்…’ என்றுகூட எழுதினேன். ஆனால் அந்த மனுஷன் சின்னச் சுத்தியலோடு வாசலில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தார்.

“துணியில சலிச்சுக் குடுத்தேம்மா. நைசா இருந்தா நல்லா வேலை செய்யும்னு…”

உள்ளேயிருந்து தையல்காரம்மாவின் குரல்: “விடுடி. இருபது வருஷத்துல ஒரு வாய் காபி கலந்து தராதவரு, எனக்காக மாத்திரை பொடிக்கிறாரேன்னு நானே பூரிச்சுப் போயிருந்தேன்.”

மூவரும் அன்றே டாக்டரிடம் போனார்கள். விழுங்கத் தோதாகச் சின்ன மாத்திரை வந்தது. தலைசுற்றல் நின்றது. அந்த மாதமே என் ரவிக்கையும் தைத்து வந்தது. கை மட்டும் கொஞ்சம் இறுக்கம், சொல்லவில்லை. உயிரோடிருந்து தைத்தாளே, போதும்.

5

அவள் செத்துப்போவதாக ஒரு முடிவும் கைவசம் இருந்தது. கதைக்குக் கனம் கூடும். கிழித்துப்போட்டேன்.

போன வருஷம் தங்கை கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். வண்டியேறும்முன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேனென்றாள். பாசத்தைப் பார் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அவள் உதடு அசைந்ததை நான் மட்டும் பார்த்தேன்: எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாடி எத்தனை வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. நல்ல எண்ணாகப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.