மூக்கில் வைக்க மறந்த கனம்

பூட்டுக்கடைக்காரருக்கு விமானம் என்றால் உயிர். விமானத்தில் ஏறச் சொன்னால் அந்த உயிரே போய்விடும். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு, தலை முழுக்க நரைக்கும்வரை சமாளித்துவிட்டார்.

வீட்டில் அவருடைய அலமாரியைத் திறந்தால் அட்டைப்பெட்டிகள் சரிந்து தலையில் விழும். எல்லாம் பிளாஸ்டிக் விமானங்கள். துண்டு துண்டாக வரும், வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். வாங்குவதில் மன்னன். செய்வதில்தான் கொஞ்சம் நிதானம். மேஜைமேல் துணி போர்த்தி ஒரு போர் விமானம் எட்டு வருஷமாகப் படுத்திருந்தது. விமானியின் இருக்கைக்குச் சாம்பல் நிறம் பூச வேண்டும். எந்தச் சாம்பல் என்பதில் அவருக்கும் அவருக்குமே இன்னும் தகராறு தீரவில்லை.

"ஒரு பிள்ளை பொறந்து மூணாங்கிளாஸ் போயிருக்கும். இதுக்கு இன்னும் சக்கரம் வரலை" என்பாள் மனைவி.

விற்காத சரக்கைத் தூசி தட்டி அழகு பார்க்கிறவனைக் கடைத்தெருவில் கண்டால் அவரே சிரிப்பார். வீட்டில் அதே வேலையைப் பூதக்கண்ணாடி வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

நிஜ விமானத்தில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். பெல்ட்டைப் போடச் சொன்னதும் எழுந்து, "ஐயோ, கடையைப் பூட்டாம வந்துட்டேன்!" என்று கூவி, கதவு சாத்துமுன் இறங்கி ஓடிவந்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்குப் பூட்டு விற்ற மனுஷன் தன் கடையைப் பூட்ட மறந்த கதை கடைத்தெருவில் இன்றைக்கும் நல்ல விலைக்குப் போகிறது.

பயத்துக்கு அவரிடம் நியாயம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் கெட்டுப்போன பூட்டோடுதான் வருவார்கள். நல்லபடி திறந்து மூடுகிற பூட்டை யாரும் கொண்டுவந்து, 'பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இருக்கு' என்று காட்டியதில்லை. ஆகவே உலகத்தில் எல்லா இரும்பும் என்றைக்காவது ஒரு நாள் கைவிடும் என்பது அவர் கண்ணாரக் கண்ட உண்மை. விமானத்தில் எத்தனை இரும்பு!

இந்த நிலையில்தான் கடல் தாண்டி இருக்கும் தங்கை ஃபோன் செய்தாள். இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறதாம். வியாழக்கிழமை திறந்து சரிசெய்யப் போகிறார்களாம்.

"அண்ணே, உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியைப் பாக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

கேட்டது பெரிய விஷயமில்லை என்பதுபோல் சொன்னாள். அவர் உடனே பேரத்தில் இறங்கினார்.

"டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு மாசம் தள்ளிப் போடேன். அதுக்குள்ள நான் எப்படியாவது..."

"டாக்டர் என்ன உன் கடைக்கு வந்த ஆளா, இழுத்து இழுத்துப் பேச?"

"கப்பல் ஏதாவது போகுதா விசாரிச்சியா?"

"சரக்குக் கப்பல் போகுது. உன்னை மூட்டை கட்டி ஏத்தச் சொல்லட்டா? நீ வந்து இறங்கறதுக்குள்ள எனக்குத் தையல் பிரிச்சிருப்பாங்க." சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்கியது. அந்த மூச்சு அவர் காதிலேயே தங்கிவிட்டது.

மனைவி மறுபேச்சுப் பேசாமல் இரண்டு டிக்கெட் வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். அதற்குப்பிறகு அவர் ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. தாகம் எடுத்தால் குழாய்த் தண்ணீர்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. உள்ளங்கை சில்லிட்டிருந்தது. ஏறாவிட்டால் தங்கை கதவைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவாள். ஒருவேளை வெளியே வராமல் போனால்? அதை நினைத்ததும் இப்போதே கிளம்பிவிடலாம் போலிருந்தது. விமானத்தை நினைத்ததும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் தங்கையே கூப்பிட்டாள்.

"என்ன பண்றே?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்னு முழுசாச் சொல்லு. அண்ணே, எனக்கு ஒரு பிளேன் செஞ்சு எடுத்துட்டு வா."

"நாளைக்குக் காலையில கிளம்பணும். எப்படி முடியும்?"

"சின்ன வயசுல எப்படி முடிஞ்சுது? சாப்பிட்டுக் கைகழுவிட்டு ஆரம்பிப்போம். இருட்டறதுக்குள்ள மாடியிலேர்ந்து தூக்கிப் போட்டு உடைச்சும் முடிச்சிருப்போம்."

"பெயின்ட் காயணும்ல..."

"அது என்ன கல்யாணப் பொண்ணா, அலங்காரம் பண்ண? கடையில வாங்கி ஏமாத்திடலாம்னு பாக்காதே. உன் கைவேலை எனக்குத் தெரியும்." வைத்துவிட்டாள்.

மனைவி ஃபோன் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அலமாரியைத் திறந்து, சரிந்தவற்றை முழங்காலால் தாங்கி, அடியில் நசுங்கிக் கிடந்த ஒரு பெட்டியை உருவினாள். இரண்டு இன்ஜின் வைத்த பயணிகள் விமானம். எப்போதோ மொத்தமாக வாங்கும்போது கடைக்காரன் இலவசமாகத் தந்தது.

"இது மட்டமான சரக்குடி. பாகம் ஒண்ணோட ஒண்ணு சேராது."

"நாமளும்தான் சேரலை. ஓடலையா?"

அவர் பூதக்கண்ணாடியைத் தேடினார். அதை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். சின்ன கட்டரைக் காணோம். நகவெட்டியைக் கொடுத்தாள்.

பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முதல் பாகத்தை வெட்டினார். 'டிக்' என்று விழுந்தது. இரண்டாவது 'டிக்'. வெட்டிய இடத்தில் சின்ன முனை துருத்திக்கொண்டிருந்தது. வழக்கமாக அதை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடியும் தேய்ப்பார். இன்றைக்கு நகத்தால் ஒரு சுரண்டு, அடுத்தது. பசை பொருத்துவாய் வழியே ஓடுவதைப் பார்க்க ஒரு சுகம். இரண்டு பாதி உடம்பையும் சேர்த்து அழுத்தியபோது ஓரத்தில் பசை பிதுங்கியது. வழித்துக் கால்சட்டையில் தடவிக்கொண்டார். எட்டு வருஷமாக விரலில் பசை படாத மனுஷன்.

முன் கண்ணாடியில் பெருவிரல் பட்டு மங்கிவிட்டது. முன்பென்றால் அன்றைக்கு வீட்டில் துக்கம்தான்.

"பனிமூட்டம்னு வெச்சுக்க" என்றார். சொன்னபிறகுதான் தானா சொன்னோம் என்று திகைத்தார்.

நடுநடுவே பயம் வந்து தோளைத் தொடும். இறக்கையைப் பொருத்தும்போது, 'நிஜத்திலும் இது இப்படி ஒட்டிக்கொண்டுதானே நிற்கிறது' என்று தோன்றிக் கழுத்து வியர்க்கும். உடனே அடுத்த பாகத்தைத் தேட வேண்டியிருக்கும். அது மேஜைக்கடியில் உருண்டிருக்கும். மண்டிபோட்டுத் தேடுகிற நேரத்துக்குப் பயம் காத்திருந்து பார்த்துவிட்டு, வாசல்வரை போய் நிற்கும்.

மனைவி பால்கனியில் வெள்ளை ஸ்பிரே அடித்தாள். காய்ந்துகொண்டிருந்த அவருடைய நீலச் சட்டையும் பாதி வெள்ளையானது. ஸ்டிக்கர்களை டீ சாசரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டினார்கள். ஜன்னல் வரிசை ஒரு பக்கம் மேலேறிப் போனது.

"இந்தப் பக்கம் உக்காந்தவன் மலையேறிப் போகணும்" என்றாள் அவள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரத்தின் முதல் சிரிப்பு.

கடைசியாகப் பின்சக்கரங்களையும் முன்சக்கரத்தையும் ஒட்டி, பசை பிடித்ததும் மேஜைமேல் வைத்தார்.

விமானம் மெல்ல முகத்தைத் தூக்கியது. 'டொக்' என்று வால் மேஜையில் இடிக்க, பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அவருடைய சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. விளக்கத்தாளை எடுத்துப் பார்த்தார். முதல் படத்திலேயே போட்டிருந்தது: உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டுமுன் மூக்குக்குள் கனம் வைக்கவும். வைக்காவிட்டால் பின்பாரம் இழுத்துக் குந்திவிடும். இந்தப் பொழுதுபோக்கில் கைவைத்த எவனுக்கும் தெரிகிற சங்கதி. அவசரத்தில் விட்டுவிட்டார்.

"நான் வரலை" என்றார்.

"என்னது?"

"எனக்கே இது மறந்துபோச்சு. நிஜ பிளேன்லயும் மனுஷன்தானே வேலை பாக்கறான்? அவன் எதை மறந்தானோ? நான் வரலை, விடு."

அவள் சிரிப்பும் நின்றது. "அங்க அவளுக்கு நெஞ்சைத் திறக்கப் போறாங்க. அதுக்குப் பயப்படாம உங்களுக்கு வேலை வெச்சுக் கொடுக்கறா. நீங்க இங்க வால், மூக்குன்னு சாக்குத் தேடறீங்க. கடையைப் பூட்டலைன்னு சொன்ன மாதிரி ஆகிப்போச்சா இதுவும்?"

அவள் விடுவிடுவென்று உள்ளே போய், பூட்டுச் சாமான் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் 'டமார்' என்று வைத்தாள். உள்ளே பூட்டுக்குள் போடுகிற குட்டிக் குட்டிப் பித்தளைப் பின்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.

"கனம்தானே வேணும்? போடுங்க."

டப்பாவுக்குள் விரலை விட்டுப் பின்களை அளைந்தார். பிறகு முன்சக்கரத்தைப் பிடுங்கினார். சக்கரம் நின்ற ஓட்டையை ஊசியால் பெரிதாக்கினார். அவள் பின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் உள்ளே தள்ளினார். பசையை ஊற்றி, அது இறுகும்வரை மூக்கைக் கீழே பிடித்து, இருவருமாக மாறி மாறி அதைத் தலைகீழாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடந்தார்கள். சக்கரத்தை மறுபடி ஒட்டி மேஜைமேல் வைத்தபோது, குந்திவிடலாமா என்று ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு, மூன்று சக்கரத்தில் நின்றது. ஒரே ஒரு பின் மட்டும் பசையில் சிக்காமல் தப்பிவிட்டது. அசைத்தால் உள்ளே 'கலகல' என்றது.

மறுநாள் விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும் எக்ஸ்ரே பெட்டி நின்றுவிட்டது. பாதுகாப்பு அதிகாரி திரையில் குனிந்து பார்த்தார். விமானத்தை வெளியே எடுத்து ஆட்டினார். கலகல.

"உள்ள என்ன?"

"கனம்" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"என்ன கனம்?"

"பூட்டுல போடற பின்னு, சார்."

"பிளேனுக்குள்ள பூட்டு எதுக்கு?"

மனைவி, "ஐயோ" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நொடியில் பயம் அவர் காதருகே வந்து நல்ல வியாபாரியைப்போல் தணிந்த குரலில் விலை சொன்னது. ஒரு வார்த்தை ஏடாகூடமாகப் பேசினால் போதும். உட்கார வைத்துவிடுவார்கள். விமானம் போய்விடும். உன்மேல் தப்பே இல்லை. தங்கச்சிக்குச் சொல்ல அருமையான காரணம்.

நல்ல பேரம்தான். வாழ்நாளில் இவ்வளவு மலிவாக எதுவும் அவருக்கு வந்ததில்லை. அதனாலேயே சந்தேகம் வந்தது. மலிவு விலையில் வந்த சரக்கு வீட்டுக்குப் போனபின் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? கண்முன் தங்கை கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"சார், அதைக் கொஞ்சம் மேஜைமேல வைங்க" என்றார். "முன்பக்கம் கனம் இல்லேன்னா வால்ல குந்திடும், சார். நேத்து குந்திடுச்சு. அதான் போட்டேன். என் தங்கச்சிக்கு ஆபரேஷன். அவ கேட்டா. நானே செஞ்சேன்."

அதிகாரி வைத்தார். நின்றது. விரலால் மூக்கை லேசாகத் தூக்கி விட்டார். திரும்பி வந்து நின்றது. பக்கத்தில் இருந்த இன்னொரு அதிகாரியும் வந்து ஒருமுறை தூக்கி விட்டுப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மறுபடி பெட்டிக்குள் அனுப்பி, துணியால் துடைத்து, ஏதோ கருவியில் வைத்துப் பார்த்து, கடைசியில் கையில் கொடுத்தார்கள்.

"ஜன்னல் கோணலா இருக்கு" என்றார் அதிகாரி.

"தெரியும் சார்."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவர்கள் ஏற வேண்டிய விமானம் நின்றது. அவ்வளவு பெரிய உடம்பு, சின்னதாக ஒரு முன்சக்கரம். அவர் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று பார்த்தார். வால் தரையிலிருந்து உயரத்தில் இருந்தது. முன்சக்கரம் அழுந்த ஊன்றியிருந்தது.

"யாரோ மறக்காம வெச்சிருக்காங்க" என்றார் மனைவியிடம்.

"பின்ன, உங்களை மாதிரியா?"

பயம் போகவில்லை. பெல்ட்டைப் போட்டபோது பழைய கூவல் தொண்டைவரை வந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. விமானம் ஓடத் தொடங்கியதும் மடியிலிருந்த குட்டி விமானத்துக்குள் தப்பிப்போன அந்த ஒரு பின் கலகலவென்று அடித்துக்கொண்டது. கண்ணை இறுக மூடி, அதையே கேட்டுக்கொண்டிருந்தார். தரை விட்டுப்போன கணத்தில் மனைவியின் கையை நெரித்துவிட்டார். இறங்கிய பிறகும் அவள் விரலை உதறிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் தங்கையைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள். பச்சை உடுப்பில் குழந்தை மாதிரி இருந்தாள். தங்கையின் கணவர் ஓரமாக நின்று கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

விமானத்தை அவள் கையில் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மங்கின கண்ணாடி, மலையேறிய ஜன்னல், பெருவிரல் ரேகை. ஆட்டினாள். கலகல.

"கனத்தை மறந்துட்டு அப்புறமாப் போட்டியா?"

"ஆமா."

"பயமா இருந்துச்சா அண்ணே?"

"ரொம்ப. இப்பவும்."

"எனக்கும்" என்றாள். அதுவரை அவர் கேட்காத குரல். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே மாதிரி சில்லிட்டிருந்தது.

நர்ஸ், "நேரமாச்சு" என்றார். தங்கை விமானத்தை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தாள். கட்டில் நகர்ந்தது. கதவருகே தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகம் தெரிகிறபடி அவர் எக்கி எக்கி நின்றார்.

"நான் வர்றதுக்குள்ள இன்னொண்ணு செஞ்சு வை. வேகமா!"

கதவு மூடியது.

காத்திருக்கும் இடத்தில் வரிசையாக நாற்காலிகள். மனைவி தன் கைப்பையிலிருந்து இன்னொரு நசுங்கின பெட்டியை எடுத்தாள். பசைக்குப்பி ஒன்றை வரும் வழியில் வாங்கியிருந்தாள். நகவெட்டி, ஒரு தாளில் மடித்த கொஞ்சம் பித்தளைப் பின்கள். தங்கையின் கணவர் அருகில் வந்து உட்கார்ந்து, "நானும் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு நகவெட்டியைக் கொடுத்தார்கள்.

பூட்டுக்கடைக்காரர் மூடிய கதவை ஒருமுறை பார்த்தார். பெட்டியைத் திறந்து, விமானத்தின் இரண்டு பாதியில் ஒன்றைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, மற்ற எதையும் தொடுமுன் பின்களை ஒவ்வொன்றாக எடுத்து மூக்குக்குள் வைக்கத் தொடங்கினார்.