பூப்போட்டுக் கேட்ட தேர்தல்

செங்காட்டுவலசில் தண்ணீர் கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடித்த பெருமை புவனாவின் இரண்டு எருமைகளையே சேரும். ஒருநாள் காலையில் தாழியில் ஊற்றிய தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. புவனா ஒரு கை அள்ளித் தன் வாயில் விட்டுப் பார்த்தாள். கரியைக் கழுவி ஊற்றின தண்ணீர் போல இருந்தது. இருக்காதா பின்னே, கரியைக் கழுவின தண்ணீர்தானே அது.

ஊருக்குத் தெற்கே பாலகோபாலின் பூமியில் ஒரு கரியாலை நடக்கிறது. தேங்காய்த் தொட்டியை, மற்ற ஊர்க்காரர்கள் சிரட்டை என்பார்களே அதை, லாரி லாரியாகக் கொண்டுவந்து குழியில் போட்டுச் சுட்டுக் கரியாக்குவார்கள். வெந்த கரியை அணைக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் கறுப்புத் தண்ணீர் வந்த வழியே பூமிக்குள் இறங்கிவிடும். மேலேதான் ஆளாளுக்கு வேலி போட்டிருக்கிறார்கள், பூமிக்குள் யார் போட்டது? முதலில் புவனாவின் கிணறு கெட்டது. அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில் இருந்த ஆழ்துளைக் கிணறு கெட்டது.

புவனா அதுவரை அரசாங்கத்தோடு வைத்திருந்த உறவு ரேஷன் கடையோடு சரி. நாற்பது வயதுக்கு மேல் அவள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தாள், தாசில்தாரைப் பார்த்தாள், திங்கட்கிழமை தோறும் திருப்பூருக்குப் போய் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றாள். யாரும் அவளை விரட்டவில்லை. விரட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதைக் கொலைக் குற்றமாக நினைக்கிறவர்கள். “பார்த்துப்போடலாமுங்க அம்மணி” என்று உட்காரவைத்துச் சொல்வார்கள். அதைக் கேட்டு நம்பிக் குளிர்ந்து வீட்டுக்கு வந்த நாட்களை நினைத்தால் புவனாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

காந்தி ஜெயந்தியன்று நடந்த கிராமசபைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று பேசினாள். பேசி முடித்தபோது அவளுடைய சொந்தபந்தம் மொத்தமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாலகோபால் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவன், மீதிப் பேருக்குப் பங்காளி. பின்வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்தாள். காலனியைச் சேர்ந்த பழனியாத்தாள், நூறு நாள் வேலைக்குப் போகிறவள்.

“அம்மணி சொல்றது நெசமுங்க. எங்க போர்த் தண்ணியில சோறாக்குனா சோறு பழுப்பா வருதுங்க. கொழந்தைக வவுத்த வவுத்தப் புடிச்சுக்குதுக.”

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் திருப்பூர் பஸ் ஏறினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். புவனா கட்டிக்கொண்டு போன தக்காளிச் சோற்றைப் பாதி பிரித்துக் கொடுத்தாள். ஊருக்குள் அதைப் பற்றியும் வாய்க்கு வாய் ஒரு நாயம் ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தபோது ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று வந்தது. பாலகோபால் கொஞ்சமும் கலங்காமல் மனைவி பிரவீனாவின் பெயரில் மனுப் போட ஏற்பாடு செய்தான். தான் தலைவராகப் போகிற சேதி பிரவீனாவுக்கே பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது என்பார்கள்.

“நீங்களே நில்லுங்க அம்மணி,” என்றாள் பழனியாத்தாள், பஸ்ஸில் வரும்போது. “எங்க ஓட்டு ஒண்ணு செதறாது. ஒவ்வொரு ஊட்டுப் படியும் நான் ஏறி எறங்கறேன்.”

புவனா சிரித்தாள். அப்புறம் இரண்டு நாள் தூங்கவில்லை. கணவன் ஈஸ்வரமூர்த்தியிடம் பயந்து பயந்து சொன்னபோது அவன் காய்ந்த பருத்திமாரை வெட்டிக்கொண்டே, “நின்னு பாரு. தோத்தா எருமை பால் தராமப் போயிருமா?” என்றான். அவ்வளவுதான் அவன் அரசியல்.

புவனா மனுப் போட்ட அன்று பழனியாத்தாள் வீட்டு வாசலில் காலனி மொத்தமும் கூடியிருந்தது. புவனா அங்கே கைகூப்பி நின்று, “நான் வந்தா மொத வேலை கரியாலைதான். உங்களக் கைவுட மாட்டேன்” என்றாள். அதுவரை அவளை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். காலனி ஓட்டு சிதறாமல் விழுந்து, ஊருக்குள்ளிருந்து ஊமையாய் நாலு வீடு போட்டால் போதும், புவனாதான் தலைவர்.

பாலகோபாலுக்கும் கணக்குத் தெரியும். மனு வாபஸ் வாங்குகிற நாளுக்கு முந்தின நாள் காலையிலேயே பிரவீனாவைக் கூட்டிக்கொண்டு புவனா வீட்டுக்கு வந்துவிட்டான். ஈஸ்வரமூர்த்திக்குப் பங்காளி, வயதில் இளையவன். அண்ணன் பெண்டாட்டி என்ற முறையில் புவனாவை நங்கை என்றுதான் கூப்பிடுவான்.

“ஏனுங் நங்கை, ஒரே கொலத்துல ரெண்டு ஊடு எதுருக்கெதுரா நின்னா ஒறம்பரைக, சொந்தபந்தமெல்லாம் சிரிக்காதுங்களா? ஊர் ரெண்டுபட்டாக் கூத்தாடிக்குக் கொண்டாட்டமுங்க.”

“கரியாலைய நிறுத்திப்போடுங்க தம்பி. நான் இப்பவே வெலகிக்கறேன்.”

“அதுக்கென்னுங், பாக்கலாமுங்க.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் புவனாவுக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை பேர் வாயில் கேட்டாயிற்று. இந்தப் பேச்சை இன்றோடு முடிக்க வேண்டும், யாராலும் மழுப்ப முடியாத ஒரு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

“பாக்க வேண்டாம். கோயல்ல ஆத்தாகிட்டப் பூப்போட்டுக் கேட்டுப்போடலாம். அவ யாரச் சொல்றாளோ அவங்க நிக்கட்டும், இன்னொருத்தரு வாபஸ் வாங்கிக்கட்டும்.”

பாலகோபாலே ஒரு நிமிடம் திகைத்துப்போனான். அவன் அதைக் கேட்க வரவில்லை. கெஞ்சலாமா மிரட்டலாமா என்ற யோசனையோடு வந்தவன், இலை போட்டுப் பரிமாறியதைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

புவனாவைப் பைத்தியக்காரி என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் வாழ்க்கையில் நடந்த நல்லது எதுவும் பூக் கேட்காமல் நடந்ததில்லை. ஈஸ்வரமூர்த்தியைக் கட்டிக்கொண்டது பூக் கேட்டுத்தான். இயந்திரம் வைத்துப் பார்த்தவன் தண்ணீர் இல்லை என்று சொன்ன இடத்தில் கிணறு வெட்டியதும் பூக் கேட்டுத்தான். அந்தக் கிணற்றிலிருந்துதான் செல்லாண்டியம்மனுக்குத் தினமும் அபிஷேகத் தண்ணீர் போகிறது. கரித் தண்ணீரில் குளிக்கிற ஆத்தாளுக்கு அது யார் செய்த வேலை என்று தெரியாமலா இருக்கும்? தான் ஜெயித்துவிட்டதாகவே புவனா நினைத்தாள். மனிதர்களிடம் ஓட்டுக் கேட்பதைவிட இது உறுதியான காரியம் என்றுகூட நினைத்தாள்.

அன்று பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கோயிலில் கூடினார்கள். பங்காளிகள், மாமன் மச்சான், வயசாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பூசாரி வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் எல்லாருக்கும் காட்டிவிட்டு, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றினார். வெள்ளை புவனாவுக்கு, சிவப்பு பிரவீனாவுக்கு. குலுக்கி ஆத்தாள் காலடியில் போட்டார். அவருடைய பேத்தி, இன்னும் பால்வாடி போகிற குழந்தை, போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சிவப்பு.

மற்ற மடிப்பையும் பூசாரி பிரித்துக் காட்டினார். வெள்ளைதான் இருந்தது. சூதில்லை, வாதில்லை. யாராவது ஏமாற்றியிருந்தால் புவனா பிற்பாடு எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அவள் ஆத்தாள் முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது எல்லா முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். அவளுக்கு ஓட்டுப் போடலாமா, போட்டால் பாலகோபாலுக்குத் தெரிந்துவிடுமா என்று வெசனப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் ஒரு பூ விடுதலை செய்துவிட்டது. “பெரிய மனசு அம்மணி உனக்கு” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரவீனா மட்டும் ஒதுங்கி நின்று அழுதாள். ஏன் அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் புவனா பால் கறந்துகொண்டிருந்தபோது பழனியாத்தாள் வந்தாள். எப்போதும் போல வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவள், இந்த வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. உள்ளே வா என்று புவனாவும் சொன்னதில்லை.

“ஊர்ல என்னமோ பேசிக்கறாங்க அம்மணி. பொய்யின்னுதான் நான் வந்தேன்.”

புவனா நடந்ததைச் சொன்னாள். பழனியாத்தாள் முழுவதும் கேட்டாள்.

“வாபஸ் வாங்க மூணு மணி வரைக்கும் டைம் இருக்குதுங்களாமா. நீங்க போகாம ஊட்டுலயே இருந்துபோடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

“ஆத்தாகிட்டக் குடுத்த வாக்க மீறச் சொல்றயா பழனியாத்தா?”

“எங்ககிட்டயும் வாக்குக் குடுத்தீங்க.”

புவனா பால் குண்டாவைக் கீழே வைத்தாள்.

“எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க,” என்றாள் பழனியாத்தாள். குரல் உயரவே இல்லை. “அந்தக் கோயலுக்குள்ள வந்து நாங்க ஒரு பூவப் போட்டுக் கேக்க முடியாது. ஓட்டுப் பொட்டிகிட்ட மட்டுந்தான் நீங்களும் நாங்களும் ஒரே வரிசை. அதையும் கொண்டுபோயி கோயலுக்குள்ள வெச்சுப்போட்டீங்களே அம்மணி.”

புவனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பூக் கேட்கலாம் என்று சொன்ன நிமிடத்திலிருந்து இந்த நிமிடம் வரைக்கும் காலனி அவள் நினைப்பில் வரவே இல்லை. மறைக்கவில்லை, ஏமாற்றவில்லை, ஒதுக்கவில்லை. வெறுமனே நினைக்கவில்லை. அத்தனை திங்கட்கிழமை ஒன்றாகப் போய்வந்து, அத்தனை பேர் முன்னால் கைகூப்பி நின்று, ஊர் என்றதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது ரோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான். அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

மத்தியானம் ஈஸ்வரமூர்த்தி வண்டியில் அவளை ஒன்றிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். காலனியைத் தாண்டும்போது புவனா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, “எறங்கறயா, திரும்பிப்போயிரலாமா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றான்.

திரும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் அவள் மனசு முழுக்கக் கத்தியது. ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு மகள் இருக்கிறாள், பெரிய மழை இருக்கிறது, எருமைக்கு நோவு வரும், வீட்டுக்காரனுக்கு நெஞ்சு வலி வரும். நாளைக்கு என்ன கெட்டது நடந்தாலும் ஆத்தா வாக்கை மீறினாள் என்று சொல்ல ஊர் தேவையில்லை, அவளே சொல்லிக்கொள்வாள். அந்தப் பயத்தை அவள் வென்றிருக்கலாம். வெல்லவில்லை. இறங்கி உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

பிரவீனா போட்டியின்றித் தேர்வானாள். ஊரே ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு என்று பக்கத்து டவுன் வெள்ளகோவிலில் பேசிக்கொண்டார்கள். கரியாலைக்கு உரிமம் நீட்டிக்கும் தீர்மானம் முதல் கூட்டத்திலேயே நிறைவேறியது. குடியரசு தினக் கிராமசபையில் புவனா மறுபடி எழுந்து நின்றாள். மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலகோபால் மரியாதையாக எழுந்து, “நங்கை, நீங்களே ஆத்தா முன்னால ஒத்துக்கிட்டதுதானுங்க” என்றான். கூட்டம் தலையாட்டியது. புவனா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். காலனியிலிருந்து ஒருவரும் வந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினபடியே இருந்தன.

சித்திரையில் ஈஸ்வரமூர்த்தி வெள்ளகோவிலிலிருந்து கேன் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டான். வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆட்டோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே வாங்க வசதி யாருக்கு இருக்கிறது?

ஒருநாள் ஆட்டோவிலிருந்து கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது பழனியாத்தாள் குடத்தோடு ரோட்டில் போனாள். புவனா ஓடிப்போய் வழியில் நின்றாள். எத்தனையோ சொல்ல நினைத்து, “என்ற மேல கோவமா பழனியாத்தா?” என்று மட்டும் கேட்டாள்.

“கோவமெல்லாம் இல்லீங்க அம்மணி. கோவப்பட்டு என்ன பண்றது. அடுத்த எலச்சன் வரைக்கும் இதத்தான குடிக்கோணும்.”

புவனா ஒரு கேனைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினாள். “இத எடுத்துட்டுப் போ. கொழந்தைகளுக்காச்சும் ஆகும்.”

பழனியாத்தாள் கேனைப் பார்த்தாள், புவனாவைப் பார்த்தாள்.

“ஒரு கேன்ல எத்தனை ஊட்டுக்குங்க ஊத்தறது,” என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.