ஐந்தாவது கை

துளசிமணி வீட்டில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். பீளமேட்டுப் பக்கம் அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். ஆளுக்கு இரண்டு கை, இரண்டையும் தூக்கலாம். வீட்டில் இருந்ததோ அவளும் புருஷன் நாச்சிமுத்துவும் மட்டும். அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் இரண்டு கை தூக்குகிறாள். வேண்டாமென்று அவன் இரண்டு தூக்குகிறான். ஏன் வேண்டாம் என்பது அவனுக்கே தெரியாது. கை எண்ண வரும் சென்னியப்பன் "சமமுங்க" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். புகை மட்டும் போகாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் தானே ஒரு கை செய்தாள். கம்பெனியில் கன்ட்ரோல் பேனலுக்கு ஒயரிங் பண்ணுகிறவளுக்கு இதென்ன பெரிய காரியமா? அலுமினியப் பட்டை, மூட்டுக்கொரு மோட்டார், ஐந்து விரல். செய்த கை கணக்கில் சேருமா என்று கேட்டதற்கு, "விரல் இருந்தாச் செல்லுமுங்க" என்றார் சென்னியப்பன்.

கையை ஆட்டுவிக்கும் பெட்டியை அடுப்படிச் சுவரோரம் நிறுத்தினாள். பீரோ உயரம். உள்ளே விளக்கு எரிவது தெரிய வேண்டுமே என்று கதவில் ஒரு கண்ணாடி. முதலில் எர்த்து ஒயர். அப்புறம் ஒவ்வொரு ஒயர் நுனியிலும் செம்பு முனை வைத்து அழுத்தி, இரண்டு பக்கமும் நம்பர் வளையம் மாட்டினாள். பின்னாடி எதையாவது சேர்க்க வேண்டி வரும் என்று ஒரு பக்கம் காலியாகவே விட்டாள். தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் விடுவார்கள். கதவில் சிவப்புப் பட்டன். அமுக்கினால் கை தொப்பென்று விழுந்துவிட வேண்டும்.

நாச்சிமுத்து டார்ச் பிடித்தான். முனை அழுத்தவும் கற்றுக்கொண்டான். அவள் வேலைக்குப் போனதும் கையின் மூட்டுகளுக்கு கிரீஸ் வைத்தான். "பாவம், வறண்டு கெடக்குது" என்பான். இவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. மனுஷன் திருந்திவிட்டான் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

வெள்ளிக்கிழமை காலையில் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கரண்ட் கொடுத்தாள். கை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. விரல்களை மடக்கிப் பார்த்தது. முதல் வேலையாக நாச்சிமுத்துவின் சட்டைக் காலரைச் சரிசெய்தது. அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது.

"அடுப்படிக்கு ஜன்னல் வேணுமுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

துளசிமணி இரண்டு கையும் தூக்கினாள். அவள் செய்த கை அசையவில்லை.

"வேண்டாமுங்களா?"

நாச்சிமுத்து இரண்டு தூக்கினான். கூடவே அதுவும் எழுந்தது. மெதுவாக, துளியும் உதறாமல். உதறாமல் இருக்க இவள்தான் பாடாய்ப் பட்டிருந்தாள்.

ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கினாள். கை விழவில்லை. முஷ்டியால் குத்தினாள். அப்போதும் விழவில்லை.

"மூணுக்கு ரெண்டுங்க" என்றார் சென்னியப்பன்.

"ஏனுங்க, நாஞ் செஞ்ச கைங்க அது! உங்களுக்கு எப்பிடித் தூக்கும்?" என்று புருஷனிடம் பாய்ந்தாள்.

"நீ ஒயர் போட்டே. நான் கிரீஸ் போட்டேன்" என்றான் நாச்சிமுத்து.

"அடப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அழுவாத புள்ள. உனக்கு ஜன்னல்தான வேணும்? பெட்டியில இருக்குது. காலி எடமும் நீயே உட்டு வெச்சிருக்கறே." சென்னியப்பன் பக்கம் திரும்பினான். "துளசி அதுக்குள்ள இருக்கட்டுமுங்களா?"

மூன்று கைகள் எழுந்தன. சென்னியப்பன் மோர் கேட்டார். கை ஆற்றிக் கொடுத்தது.

துளசிமணி பெட்டிக்குள் போய் நின்றாள். காலி இடம் அவள் தோளுக்குச் சரியாக இருந்தது. கை கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பியது. கண்ணாடி வழியே அடுப்படி தெரிந்தது. அங்கே புகை அப்படியேதான் நின்றது.

பட்டனின் பின்பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு முனைகளுக்கும் நடுவே குட்டையாக ஒரு ஒயர் பாலம் போட்டிருந்தது. அது இருக்கும்வரை பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் கை நிற்காது. முனை அழுத்தி, இரு பக்கமும் நம்பர் வளையம் மாட்டி, அவள் சொல்லிக்கொடுத்தபடியே நாச்சிமுத்து செய்திருந்தான். கண் நிறைந்துவிட்டது. அவள் குத்திய பட்டன் இன்னும் அமுங்கியேதான் இருந்தது; பாலத்தைப் பிடித்து இழுத்தால் போதும், வெளியே கை செத்து விழும்.

விரலால் தொட்டாள். ஆடியது. ஸ்க்ரூ லூசாக இருந்தது. இப்படியே விட்டால் பொறி அடிக்கும். கையின் மோட்டார் எல்லாம் கருகிப் போகும்.

பாழாய்ப் போன கை, அவள் செய்ததாயிற்றே. இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுத்து, அந்த ஸ்க்ரூவை நன்றாக முறுக்கினாள்.