தாய் வழிக் கோடு

கண்ணாடிக்கடைக்காரருக்கு உலகத்தில் இரண்டே சந்தோஷங்கள். ஒன்று, அவருடைய ஹோஸ்டா செடி. இன்னொன்று, அது அடுத்தவனிடம் இல்லை என்பது.

ஹோஸ்டாவை இலைக்காகத்தான் வளர்ப்பார்கள். குடை விரித்தாற்போல் அகல இலை, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அது பனி ஊர்ச் செடி. குளிர் காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, மண்ணுக்குள் வெறும் கட்டையாகப் படுத்துத் தூங்கி எழுந்தால்தான் அதற்கு உடம்பில் தெம்பு. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் தூக்கத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் சகலை இருந்தார்.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். பூ மொத்த வியாபாரிகளின் குளிர் கிடங்கில் மேற்பார்வையாளர். கண்ணாடிக்கடைக்காரர் அவருக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. வருடா வருடம் இலைகளைக் கத்தரித்துத் தொட்டியை அவரிடம் கொடுத்தால், கிடங்கின் மூலையில் வைத்துத் தூங்க வைத்து, பருவம் திரும்பியதும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுக்கும்போது, "அண்ணே, நல்லாத் தூங்கிச்சு" என்பார்.

அந்தச் செடி சும்மா வந்துவிடவில்லை. மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போடும் இடுக்கியாலேயே மொட்டின் இதழ்களை முந்தின மாலை கிள்ளி, விடிந்ததும் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, காய் முற்றக் காத்திருந்து, முளைத்ததில் முக்கால்வாசியைக் குப்பையில் கொட்டி, பல வருடம் கழித்து அவருக்குக் கிடைத்த ஒற்றைச் செடி. பச்சை இலையில் தூரிகையால் இழுத்தது போல வெண்ணெய் நிறக் கோடுகள். காம்பின் அடியில் மருதாணிச் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வெயிலிலும் ஓரம் கருகாது. நிழல் செடிச் சங்கத்துக் கண்காட்சியில் அது தன் பெயரில் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கனவு. அதுவரை வெளியாள் கண்ணில் காட்டக்கூடாது என்று வீட்டுப் பின்கட்டில் வலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். இரண்டாகப் பிரிக்கவும் மனம் வரவில்லை. பிரித்தால் ஒன்று கேட்பார்கள்.

கேட்டார் சகலை.

"அண்ணே, ஓரத்துல ஒரு கன்னு விட்டிருக்கே. பிரிச்சுக் குடுங்களேன். நானும் வளர்த்துப் பாக்கிறேன்."

"கன்னு எதுக்கு சகலை? நீங்களே சொந்தமா ஒண்ணு உருவாக்குங்க. மகரந்தம் தர்றேன்."

கடையிலிருந்து ஒரு காண்டாக்ட் லென்ஸ் டப்பாவை எடுத்தார். வலது, இடது என்று இரண்டு குட்டி மூடி. இரண்டிலும் மகரந்தத்தை நிரப்பிக் கொடுத்தார். சகலை அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தெரு முனை திரும்பியதும் கண்ணாடிக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கோடு தாய் வழியாத்தான் இறங்கும், தெரியுமா? தகப்பன் வழியா வரவே வராது. ஐஸ்பெட்டி இதை எதுல தடவினாலும் பச்சைப் பசேல்னுதான் பிறக்கும். தடவட்டும், தடவட்டும்."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?" என்றாள் மனைவி. "பாவம்ங்க, சின்னவ வீட்டுக்காரர்."

"உனக்கு எல்லாச் செடியும் ஒண்ணுதான். கீரையும் ஒண்ணு, ஹோஸ்டாவும் ஒண்ணு. நீ இதுல வாயைத் திறக்காதே."



சகலையின் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் நாற்றுத் தட்டுகள் நிறைந்தன. சின்னவள் வெயில் நேரத்தில் ஈரச் சாக்கை நனைத்து நனைத்து மேலே கட்டினாள். முளைத்ததெல்லாம் பச்சை.

"வெயில் அதிகம் சகலை. நிழல் போதலை" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், முதல் வருடம். டப்பாவை மறுபடி நிரப்பிக் கொடுத்தார்.

"தண்ணி அதிகமோ?" என்றார் அடுத்த வருடம்.

மூன்றாம் வருடம் சகலையும் சின்னவளும் சேர்ந்தே வந்தார்கள். அந்தத் தடவையும் பச்சைதான் என்று சகலை சொன்னபோது, கண்ணாடிக்கடைக்காரர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"கவலைப்படாதீங்க சகலை. சில பேர் ஜாதகத்துல வாரிசுங்கிற கட்டமே இருக்காது. செடிக்கு அது தெரியுது போல."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சகலை வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அது தெரிந்துதான் சொன்னார். சகலை தரையைப் பார்த்துச் சிரித்து வைத்தார். சின்னவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அக்கா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

புறப்படும்போது சகலை வழக்கம்போல் கேட்டார்: "தொட்டியைக் குடுங்க அண்ணே. தூங்க வைக்கிற நேரமாச்சே."

கத்தரித்த தொட்டியைக் கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவமானப்பட்டவன் கையில் கொடுக்கிறோமே என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஐஸ்பெட்டிக்குக் கோபம் வரும் என்று யார் நினைப்பார்கள்?

பருவம் திரும்பியது. தொட்டி வந்தது. "நல்லாத் தூங்கிச்சு அண்ணே." முளை கிளம்பி இலை சுருள் பிரிந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். பச்சை. அடுத்த இலையும் பச்சை. மருந்துக்குக்கூட ஒரு கோடு இல்லை.

கோடு போட்ட ஹோஸ்டா சில சமயம் கோட்டை உதறிவிட்டு வெறும் பச்சைக்குத் திரும்பிவிடும். வளர்ப்பவர்கள் பயப்படுகிற விஷயம் அது. அதுதான் நடந்துவிட்டது என்று நம்பினார். உரம் மாற்றினார், மண் மாற்றினார், சோறு இறங்காமல் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கடைக்கு வந்தவர்களுக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிற கண்ணாடியை மாட்டி அனுப்பினார்.

சகலை அடிக்கடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெயில் அதிகம் அண்ணே. நிழல் போதலை" என்றார் ஒரு தடவை.

இன்னொரு தடவை, "தண்ணி அதிகமோ?" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டினாரே தவிர, இதை எங்கே கேட்டோம் என்று அவருக்கு உறைக்கவில்லை.

அடுத்த பருவத்தில் கண்காட்சி. வெறுங்கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு போனார். மண்டபத்தில் நுழைந்ததும் முதல் மேஜையில் அது நின்றது. வெண்ணெய்க் கோடுகள். காம்படியில் மருதாணிச் சிவப்பு. ஓரத்தில் இரண்டு கன்று. முன்னால் ஒரு அட்டை: 'வாரிசு'. அதன்மேல் முதல் பரிசு ரிப்பன். பக்கத்தில் சலவைச் சட்டையோடு சகலை, புதுப் புடவையில் சின்னவள்.

தூங்குகிற கட்டைக்கு நிறம் கிடையாது. கத்தரித்த தொட்டிக்குள் இருப்பது எது என்று பெற்றவனாலும் சொல்ல முடியாது. தூங்கப் போனது இது. எழுந்து வந்தது ஐஸ்பெட்டியின் பச்சைப் பிள்ளைகளில் ஒன்று. அத்தனையும் அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்தது.

"இதோட தாய் எது?" சங்கத் தலைவி சகலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாய் என்கிட்ட இருந்த சாதாப் பச்சைதாம்மா. தகப்பன்தான் விசேஷம். எங்க அண்ணன் செடி. மூணு வருஷம் அவர்தான் மகரந்தம் குடுத்தார்."

தலைவியின் புருவம் ஏறியது. "தகப்பன் வழியா கோடு வராதேப்பா."

சகலை மெதுவாகத் திரும்பினார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. வரும்னு நம்பித்தான் பால்கனியைப் பாழாக்கினேன். என்ன அண்ணே, வராதா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பாதிப் பேர் மூக்கில் இருந்தது அவர் கடைக் கண்ணாடி.

"இது என் செடி" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "என் பின்கட்டுல இருந்தது. இவளைக் கேளுங்க. தினம் பார்த்தவ."

மனைவி செடியை நிதானமாகப் பார்த்தாள். தங்கையையும் பார்த்தாள்.

"எனக்கு என்னங்க தெரியும்? எனக்கு எல்லாச் செடியும் ஒண்ணுதான். கீரையும் ஒண்ணு, ஹோஸ்டாவும் ஒண்ணு."

யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. "ஒரு நிமிஷம். மகரந்தத்துல கோடு வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சே மூணு வருஷம் சொந்தக்காரருக்குக் குடுத்தீங்களா?"

வராது என்றால் அவர் ஏமாற்றுக்காரர். வரும் என்றால் செடி சகலையுடையது. கண்ணாடிக்கடைக்காரர் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எப்பவாவது... அபூர்வமா... வரும்."

"அப்படின்னா இந்தப் பரிசுல பாதிப் பெருமை உங்களுக்குத்தான்" என்று தலைவி கை தட்டினார். மண்டபமே தட்டியது. சின்னவள் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் அவர் மேஜை ஓரமாக ஒண்டினார்.

"சகலை. ரெண்டு கன்னு விட்டிருக்கு. ஒண்ணு பிரிச்சுக் குடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கன்னு எதுக்கு அண்ணே?" சகலை சட்டைப் பையிலிருந்து அந்த லென்ஸ் டப்பாவை எடுத்து, அவர் உள்ளங்கையை விரித்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார். "நீங்களே சொந்தமா ஒண்ணு உருவாக்குங்க. மகரந்தம் வச்சிருக்கேன். வலதுலயும் இருக்கு, இடதுலயும் இருக்கு."

"டப்பாவைத் தொலைச்சிடாதீங்க அத்தான்" என்றாள் சின்னவள். "அடுத்த வருஷமும் வேணும்ல."