ஒன்பதாம் நம்பர் செருப்பு

இலங்கை அகதிகள் முகாமில் மாதம் இருமுறை செக்கிங். அதிகாரி பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பெயர்மேல் சிவப்புக் கோடு விழும்; உதவித்தொகையும் ரேஷனும் நின்றுவிடும். லிடியாவைப் பெற அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாளும் செக்கிங் நாள்தான். அம்மாவின் பெயர் மறுபடி பதிவேட்டில் ஏற இரண்டு வருடம் ஆனது. லிடியா இதைக் கேட்டே வளர்ந்தவள்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். காலையில் தலை வலித்தது. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. பெயின்டிங் வேலை பார்க்கும் கணவன் கிளெமென்ட் தன் செருப்பை அவளுக்கு மாட்டிவிட்டு, வெறுங்காலோடு வந்து வரிசையில் நின்றான்.

கர்ப்பிணிகளைப் பார்க்க வந்திருந்த நர்ஸ் ஜெயமேரி குனிந்து பார்த்தாள்.

“யாரு செருப்பு தாயி இது?”

“இவர்ட செருப்பு, அக்கா.”

“ஒம்பதாம் நம்பரே பத்தலையே. இம்புட்டு வீக்கத்த வச்சுக்கிட்டு இங்க நிக்கிற?”

விரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது. பிரஷர் நூற்று அறுபது.

“திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். வலிப்பு வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து.” ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

“கையெழுத்து வச்சிட்டு வாறன் அக்கா. இன்னும் நாப்பது பேர்தான்.”

“அதுவரைக்கும் பிரஷர் வரிசையில நிக்குமாக்கும்?”

கிளெமென்ட் அதிகாரி முத்துச்சாமியிடம் போய்ச் சொன்னான்.

“வரிசைப்படிதான்யா. எல்லாருக்குந்தான் அவசரம்,” என்றார் அவர், தலை நிமிராமல்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. லிடியா நகரவில்லை. கிளெமென்ட் திரும்ப மேஜைக்குப் போனான்.

“எங்கட ரெண்டு பேற்ற பேரையும் வெட்டுங்கோ ஐயா. நாங்கள் போறம்.”

முத்துச்சாமி அப்போதுதான் நிமிர்ந்தார். பேனாவை எடுத்தார். கிளெமென்ட் அதற்குள் லிடியாவின் கையைப் பிடித்து ஆம்புலன்சுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான்.

மாலையில் ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள்தான் லிடியாவுக்குப் பேச்சு வந்தது.

“கோடு போட்டவரோ?”

“நான் பாக்கேல்லை.”

“ஏன் பாக்கேல்லை?”

“உன்னைத்தான் பாத்தனான்.”

அவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அவன் செருப்பு அங்கே இருந்தது. அவன் இன்னும் வெறுங்காலோடு நின்றான்.

“போடுங்கோவன்.”

“நீ எழும்பி நடக்கேக்க வேணும்.”

அடுத்த செக்கிங்கிற்குப் பதினான்கு நாள் இருந்தது.