நல்லாவே கரையுது

அட்டைப்பெட்டியைத் தூக்கினால் அடிப்பாகம் தரையோடு தங்கிவிட்டது. அதன்மேல் விளக்குக் கண்ணாடிகள் சில்லுச் சில்லாகக் கூழில் கிடந்தன.

கண்ணாடி உடையாமலிருக்கத் தெர்மாகோலை விட்டுவிட்டு மாவுச்சத்து உருண்டைகளை அடைக்கச் சொன்னவர் கொள்முதல் அதிகாரிதான். தண்ணீர் பட்டால் கரைந்து மண்ணோடு போய்விடும் என்று கூட்டத்தில் மார்தட்டியவரும் அவரே. கிடங்கில் தினமும் காலையில் குழாயைத் திறந்து தரையைக் கழுவுவார்கள் என்பதுதான் நினைவில் இல்லை. இத்தனைக்கும் அந்த ஈரத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்.

"சொன்ன சொல் தவறல சார், நல்லாவே கரையுது" என்றார் கிடங்குக்காரர்.

அதிகாரி சிரித்துவைத்தார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துப்போயிருந்தது. உருண்டை செய்பவள் அவருடைய தங்கை. அண்ணன் பேச்சை நம்பி வேலையை விட்டு இயந்திரம் வாங்கியவள். அடுத்த ஆர்டர் போகாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"அடியில மரப்பலகை போட்டா போதுமே?" என்றார்.

"போடலாம். ஆனா மேல ஒரு அடுக்கு குறையும். அதுக்கு இடம் உங்க வீட்டு ஹாலா?"

அதிகாரி, கண்ணாடி வாங்கும் கம்பெனிக்குப் போன் போட்டார். சுற்றுச்சூழலுக்கு அவர்கள் முழு ஆதரவாம். தங்கள் சரக்கு மட்டும் பழையபடி தெர்மாகோலில் வரவேண்டுமாம். அவருடைய முதலாளி மேசையைவிட்டு நிமிராமல், "கொள்கைய விடலய்யா. பாக்கலாம்" என்றார். அன்று கிடைத்த பாக்கலாம்களை அடைத்திருந்தால் ஒரு கண்ணாடிகூட உடைந்திருக்காது.

சாயங்காலம் தங்கையின் பட்டறைக்குப் போனார். கூழில் ஒரு கட்டியைச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுபோயிருந்தார். கண்ணாடி உடைந்த கதையைக் கேட்டபடி தங்கை அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஆர்டர் வருமா, வராதாண்ணா?"

"பாக்கலாம்மா" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீயே சொல்லு. எங்க முதலாளி இடத்துல நீ இருந்தா வாங்குவியா?"

"மாட்டேன்" என்றாள் தங்கை. "இவ்வளவு உடைஞ்சப்புறம் யாரு வாங்குவா? மெஷினை வந்த விலைக்குக் குடுத்துடலாம்ணா. ஏத்திட்டுப் போக ஒரு வண்டி மட்டும் பாத்துக்குடு."