நூறு சுற்று

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் மச்சினனை ஜாஸ் கேட்கக் கூட்டிப்போனதற்கு ஒரே காரணம்தான். தனக்கு அங்கே எவ்வளவு மரியாதை என்பதை வீட்டு ஆள் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததை வந்து அக்காவிடம் சொல்ல வேண்டும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மரியாதை என்றால் லேசான மரியாதை இல்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஒரு அறை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே நாலு பேர் கூடுவார்கள். பல் டாக்டர், போஸ்ட் ஆபீஸ் அம்மா, பேக்கரிக்காரர், நம்ம கண்ணாடிக்காரர். ஒரு இசைத்தட்டு, இரண்டு பக்கமும் முழுசாக. ஓடும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது, இருமல் வந்தால் படிக்கட்டுக்குப் போய்விட வேண்டும். முடிந்ததும் ஆளாளுக்கு அபிப்பிராயம். போஸ்ட் ஆபீஸ் அம்மாவுக்கு எல்லாத் தட்டும் மனசைப் பிசையும். பேக்கரிக்காரர் பாதித் தட்டில் தூங்கிவிட்டு, "பியானோ நல்லா இருந்துச்சு" என்பார், பியானோவே இல்லாத தட்டுக்கும்.

கடைசியில் எல்லோரும் கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மாட்டிக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வார். அதை டாக்டர் பென்சிலால் தட்டின் உள்ளுறையில் தேதி போட்டு எழுதிவைப்பார். பதினோரு வருஷமாக அந்த அலமாரியில் அத்தனை உறைகளிலும் இருப்பது அவர் வாக்கியம்தான். கடையில் நாள் பூராவும், "கீழ் வரி தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டே தொண்டை வறண்டுபோகிற மனிதர். அவர் சொல்வதை ஒருத்தர் எழுதிவைக்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

அதிலும் குடை ஆல்பத்தின் கதையே தனி. அட்டைப் படத்தில் டிரம்பெட்காரர் வெயிலில் குடை பிடித்து நிற்பார், அதனால் அந்தப் பெயர். பதிவு செய்த இரண்டாம் வருஷமே அவர் இறந்துபோனதாகப் பின்னட்டையில் போட்டிருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் கண்ணாடிக்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தனக்கு நேரம் இல்லன்னு தெரிஞ்சவன் வாசிப்பு இது. ஓடறான்." போஸ்ட் ஆபீஸ் அம்மா அழுதேவிட்டார். அன்றிலிருந்து யார் புதிதாக வந்தாலும் டாக்டர் அந்தத் தட்டைப் போட்டு, அந்த வாக்கியத்தையும் வாசித்துக் காட்டாமல் விடமாட்டார்.

மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். "ஞாயித்துக்கிழமையானா ரூம்ல மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கிடக்கான், கூட்டிட்டுத்தான் போங்களேன்" என்றாள் மனைவி.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

"கழுதைன்னே வெச்சுக்குங்க. ஒரு ஓரமா நிக்கட்டும்."

முதல் ஞாயிறு மச்சினன் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தான். தட்டு முடிந்ததும் டாக்டர் மரியாதைக்கு, "தம்பி என்ன சொல்றீங்க?" என்றார்.

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா அந்த டிரம்ஸ்காரர் அடிக்கவே இல்லைங்க. உள்ள குழந்தை தூங்குதுன்னா கதவை எப்படிச் சாத்துவோம், அப்படிச் சாத்தறார்."

"அடடா!" என்றார் டாக்டர். பென்சிலை எடுத்தார். எழுதினார். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் தயாராக இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

பொறாமையை நான் மூடி மறைத்துச் சொல்லப்போவதில்லை. அவருக்கு வயிறு எரிந்தது. அது நல்ல வாக்கியம் என்பதால்தான் அவ்வளவு எரிந்தது. மட்டமாக எதையாவது உளறியிருந்தால் சிரித்து மன்னித்திருப்பார். வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நிற்கிறாள்: "என் தம்பி சொன்னதை டாக்டர் எழுதி வெச்சுக்கிட்டாராமே!" போனில் சேதி முந்திக்கொண்டது.

அடுத்த ஞாயிறு, வழக்கம்போலப் புது ஆளுக்காகக் குடை ஆல்பம். டாக்டர் உறையை எடுத்து அந்த வாக்கியத்தை வாசித்தார். கண்ணாடிக்காரர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. முடிந்ததும் மச்சினன் டர்ன்டேபிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர், இந்த மெஷின் கொஞ்சம் வேகமா ஓடுதுங்களே."

"என்னது?"

"தட்டுல ஒரு கீறல் இருக்கு பாருங்க. சுத்துக்கு ஒரு டிக். அது சீக்கிரம் சீக்கிரமா வருது. நாள் பூரா மோட்டாரோட பொழப்பு நடத்தறவன், காது தானா எண்ணிடும். அவர் ஓடலைங்க. மெஷின்தான் அவரை ஓட்டுது."

எந்தக் கள்ளமும் இல்லாமல்தான் சொன்னான் பாவி. அத்தான் முகம் போன போக்கை அவன் கவனிக்கவே இல்லை. பின்னட்டையில் அந்தப் பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் நாற்பது விநாடி என்று போட்டிருந்தது. அப்போதே கடிகாரம் வைத்துப் பார்த்திருப்பார்கள். கீழே யாரோ கன்னம் வீங்கி வந்து கத்த ஆரம்பித்ததால், "அடுத்த வாரம் பாத்துடலாம்" என்று டாக்டர் எழுந்து ஓடினார்.

அந்த வாரம் கண்ணாடிக்காரருக்கு நரகம். குடை ஆல்பத்தோடு போகுமா? இத்தனை வருஷமும் எல்லாத் தட்டும் அந்த மெஷினில்தானே ஓடின. "துள்ளல்" என்றும் "தவிப்பு" என்றும் தான் எழுதவைத்ததெல்லாம் ஒரு மோட்டாரைப் பற்றி என்று ஆகிவிட்டால்? அதையும் இந்த லிஃப்ட்காரன் நாலு பேர் முன்னால் நிரூபித்தால்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம், கடைக்குச் சரிசெய்ய வந்திருந்த டாக்டரின் படிக்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். "டாக்டர் பேஷன்ட் பாக்கறார், மேல வெச்சுட்டுப் போங்க" என்றாள் நர்ஸ். அதற்குத்தானே வந்தது. தட்டு வைக்கும் வட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிச் சுற்றவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். மூன்று நிமிஷத்தில் நூறு சுற்று வர வேண்டும். நூற்றைந்து வந்தது. மறுபடி எண்ணினார். நூற்றைந்தேதான்.

மெஷினுக்கு அடியில் மோட்டார் பக்கம் ஒரு சின்னத் துளை, உள்ளே ஒரு திருகு. மூக்குக்கண்ணாடித் திருகுக்கென்று அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொடி ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஒரு மயிரிழை திருப்பினார். நூற்றிரண்டு. இன்னும் ஒரு இழை. நூறு. காகிதத்தைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த அறையில் பதினோரு வருஷத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியத்தை மனிதர் திருட்டுத்தனமாகச் செய்தார்.

ஞாயிறு வந்தது. டாக்டர் கையில் கடிகாரத்தோடு ஊசியை வைத்தார்.

மச்சினனின் மூக்கு உடைவதைப் பார்க்கத்தான் கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டிரம்பெட் ஆரம்பித்தது. அரை நிமிஷத்தில் அவர் மச்சினனை மறந்துபோனார். அவருக்குப் பழக்கமான டிரம்பெட்காரரைக் காணவே காணோம். அந்த இடத்தில் வேறொரு மனிதர் சாவகாசமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். எதற்கும் அவசரம் இல்லை அவருக்கு. ஒரு வரியை வாசித்து, அதை நன்றாகப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினார். பியானோவும் கூடவே நின்று காத்திருந்தது. கண்ணாடிக்காரருக்கு மூச்சு அடைத்தது. ஐயோ, இந்த மனிதருக்கா நேரமில்லை என்று எழுதவைத்தோம்? சாகப்போகிறவர் இவ்வளவு நிதானமாக இருந்திருக்கிறாரே என்று அவர் கண் கலங்கியது.

"பன்னெண்டு நாப்பது!" என்று டாக்டர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒரு விநாடி கூடல, குறையல."

"அதான பாத்தேன்" என்றார் போஸ்ட் ஆபீஸ் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "என்னமா ஓடறார் மனுஷன்!"

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருத்தருக்கும்! இவர்களுடைய மரியாதைக்காகவா இந்தப் பாடு பட்டோம்?

"தப்பு என்னுதுதாங்க" என்று மச்சினன் சிரித்தான். "லிஃப்ட் காது." பேக்கரிக்காரர் விழித்துக்கொண்டு அவன் முதுகில் தட்டினார். டாக்டர் பென்சிலை எடுத்து, "இன்னைக்கு ஏதாவது சேக்கணுமா?" என்று கண்ணாடிக்காரரைக் கேட்டார். அந்தப் பென்சில் அவரிடமே திரும்பி வந்துவிட்டது.

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்" என்றார்.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் மச்சினன் மெதுவாகச் சொன்னான்: "இன்னைக்கு டிக் சரியா வந்துச்சு அத்தான். உங்க கை நல்ல கை."

"என்ன சொல்ற நீ?"

"ஒண்ணும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன், அக்கா மேல சத்தியமா." அவன் முகத்தில் கோபமே இல்லை. காலையில் கேட்ட இசை இன்னும் அந்த முகத்தில் இருந்தது. "அத விடுங்க. நடுவுல நிறுத்தினாரே, பியானோகூட நின்னுச்சே. எனக்கு மூச்சே அடைச்சுப் போச்சு. உங்களுக்கு?"

பதினோரு வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் வாக்கியம் கேட்டார்கள், அவ்வளவுதான். "எனக்கும்டா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது. அந்த இடத்தைப் பற்றி இவன் அடுத்து ஒன்று சொல்வான். அது நாம் சொல்வதைவிட நன்றாக இருக்கும்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "எப்பவும் போலத்தான் ஓடறான்."

மச்சினன் ஸ்கூட்டரிலிருந்து ஒரு எட்டு பின்னால் போனான். "சரிங்க அத்தான்" என்றான். வண்டியில் ஏறவில்லை, நடந்தே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வேலை இருக்கிறதாம் என்றாள் மனைவி. கண்ணாடிக்காரர் வாய்விட்டுக் கேட்டுக் குடை ஆல்பத்தையே மறுபடி போடச் சொன்னார். டிரம்பெட் அந்த இடத்துக்கு வந்தது, நின்றது. அவருக்கு மறுபடியும் மூச்சு அடைத்தது. தன்னை அறியாமல் மச்சினன் நாற்காலிப் பக்கம் திரும்பினார். அதில் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தார்.

ஊசி மேலே எழுந்ததும் பேக்கரிக்காரர் கண்ணைத் திறந்து, "பியானோ நல்லா இருந்துச்சு" என்றார்.

"எத்தனை தடவை கேட்டாலும் ஓடத்தான் செய்யறார், இல்லையா?" என்றார் டாக்டர்.

எல்லோரும் கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஆமா" என்றார். "ஓடறான்."